பரியும் பரிவும்

காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களின் எல்லையிலே, கண்மாய்க் கரையை ஒட்டிய மரச்சோலைகளிலே, ஐயனார் கோயில்களைக் காணலாம். அக்கோயில்களுக்குச் செல்லும் வழியின் இருமருங்கிலும் மண்ணால் வனைந்து சுட்ட குதிரைகள் அணிவகுத்து நிற்கும். நிமிர்ந்த கழுத்தும், விடைத்த செவியும், அகன்ற மார்பும், மார்பிலே தொங்கும் மணிமாலையும் ஆகிய அனைத்தும் மண்ணாலேயே அமைந்திருக்கும். இரவு வேளையில் ஐயனார் இக்குதிரைகளின்மேல் ஏறி ஊரைக் காவல் சுற்றி வருகிறார் என்பது மக்களின் நம்பிக்கை. புதுக்குதிரை செய்விக்க ஊரார் முடிவு செய்தால், முதலில் பிடிமண் எடுத்து வேளாரிடம் கொடுப்பர். வேளார் அம்மண்ணைச் சேர்த்துக் குதிரைகளை வனைந்து, சுட்டு, வண்ணம் தீட்டி வைப்பார். குறித்த நாளில் ஊரே திரண்டு வந்து அவற்றைத் தோளிலே சுமந்து கோயிலுக்குக் கொண்டு செல்லும். இவ்விழாவிற்குப் புரவி எடுப்பு என்பது பெயர். மனிதனைக் குதிரை சுமப்பது உலக வழக்கு. குதிரையை மனிதன் சுமப்பது இந்நாட்டு வழக்கு!

இதே ஊர்களில் உயிருள்ள குதிரைகளும் விழாக் காலங்களில் தோன்றுவதுண்டு. சிவகங்கை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களில் கோயில் திருவிழாக்களை ஒட்டி மாட்டுவண்டிப் பந்தயங்களும் குதிரைவண்டிப் பந்தயங்களும் நடைபெறும். எல்லைக்கோட்டிலிருந்து புறப்பட்டு, சில மைல் தொலைவிலுள்ள திருப்பத்தைச் சுற்றி, மீண்டும் புறப்பட்ட இடத்திற்கே வண்டிகள் விரைந்து வரும். சாலையின் இருபுறமும் மக்கள் திரண்டு நின்று ஆர்ப்பரிப்பர். வெற்றி பெற்ற குதிரையின் உரிமையாளருக்கும் அதனை ஓட்டி வந்த சாரதிக்கும் பரிசுகள் வழங்கப்பெறும். குதிரைக்கு ஒரு மாலை கிடைக்கும்.

மண்குதிரையின் கால் உடைந்தால் வேளார் வேறொன்று செய்து தருவார். உயிர்க்குதிரையின் கால் ஒடிந்தால் அதனைச் செய்து தருவோர் எவருமிலர். மண்குதிரைக்கு வெயிலும் இல்லை, தாகமும் இல்லை, அச்சமும் இல்லை. உயிர்க்குதிரைக்கோ இவை அனைத்தும் உண்டு. ஆனால் அவற்றை எடுத்துரைக்க வாய் இல்லை. ஆதலின், பந்தயத்தில் ஓடும் குதிரையை எவ்வாறு காப்பது, அடிபட்டும் மிரண்டும் போன குதிரையை எவ்வாறு தேற்றுவது என்பவற்றை அறிந்துகொள்வது குதிரையை ஓட்டுவோருக்கு மட்டுமன்றி, கண்டு களிப்போருக்கும் கடமையாகும்.

குதிரை தமிழ்நாட்டில் இயற்கையாகத் தோன்றிய விலங்கன்று. கடல் கடந்து வந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் மரக்கலங்களின் வழியாகக் குதிரைகள் வந்து இறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு சென்ற மாணிக்கவாசகரின் வரலாற்றைத் தமிழர் நன்கு அறிவர். அவ்வரலாற்றோடு தொடர்புடைய திருப்பெருந்துறையாகிய ஆவுடையார்கோயில், காரைக்குடிக்குக் கிழக்கே உள்ளது. அக்கோயிலின் கற்சிற்பங்களில் குதிரை வடிவங்களை இன்றும் காணலாம்.

கடல் வழியே வந்த அக்குதிரைகள் என்னவாயின? பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்டு சென்ற வெனிசு நகரத்து வணிகர் மார்க்கோ போலோ இதற்கு விடை எழுதி வைத்துள்ளார். ஓர் அரசன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான் என்றும், ஆண்டின் முடிவில் அவற்றுள் நூறுகூட உயிரோடு எஞ்சுவதில்லை என்றும் அவர் குறித்துள்ளார். குதிரையைப் பேணும் முறையை மக்கள் அறியாமையே அதற்குக் காரணம் என்கிறார். குதிரை மருத்துவம் அறிந்தவர்களை வணிகர்கள் உடன் அழைத்து வருவதில்லை. பிறர் வருவதையும் தடுத்துவிடுகின்றனர். குதிரைகள் மடிந்தால்தானே மறு ஆண்டும் விற்கலாம்! இச்செய்தியில் சிறிது மிகை இருத்தல் கூடும். எனினும் அதில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. பொருள் இருந்தால் குதிரையை வாங்கலாம்; அறிவும் பரிவும் இருந்தால்தான் அதனைக் காக்கலாம்.

காக்க வேண்டுமெனின், முதலில் அதன் இயல்பை அறிதல் வேண்டும். குதிரை புல்வெளியில் கூட்டமாக வாழப் பிறந்த விலங்கு. அதற்குக் கொம்பில்லை, கூரிய நகமில்லை. பகை வந்தால் ஓடித் தப்புவதே அதன் முதற் காவல். ஆதலின் அதன் உறுப்புகள் யாவும் ஆபத்தை முன்னரே அறிவதற்கும், அறிந்தவுடன் ஓடுவதற்கும் ஏற்ப அமைந்துள்ளன. கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், ஏறத்தாழத் தன்னைச் சுற்றியுள்ள அனைத்தையும் அதனால் காண முடியும். தன் வாலுக்கு நேர் பின்னேயும் நெற்றிக்கு நேர் முன்னேயும் உள்ள சிறு பகுதிகளே அதற்குத் தெரியா. அங்கிருந்து திடீரென ஒருவர் தொட்டால் அது துள்ளுவதும் உதைப்பதும் இதனாலேயே. செவிகளோ ஒலி வரும் திசையை நோக்கித் தனித்தனியே திரும்ப வல்லவை. நமக்கு மகிழ்ச்சி தரும் வெடியொலி, அதன் செவியில் ஓடு, ஓடு என்னும் எச்சரிக்கையாக விழுகின்றது.

குதிரையின் கால் வியத்தகு அமைப்புடையது. முழங்காலுக்குக் கீழே தசை இல்லை. எலும்பும் நாணும் தோலுமே உள்ளன. நானூறு ஐந்நூறு கிலோ எடையுள்ள உடலை அது ஒவ்வொரு காலிலும் ஒரே விரலின் நுனியில், அதாவது குளம்பில், தாங்கி ஓடுகின்றது. பாய்ந்தோடும்போது ஒரு கணம் முழு உடலும் ஒரே காலின்மீது நிற்பதும் உண்டு. இவ்வமைப்பே அதற்கு விரைவைத் தந்தது. இவ்வமைப்பே அதற்கு இடரையும் தந்தது. தசையற்ற அப்பகுதியில் குருதியோட்டம் குறைவு. எனவே அங்கே நாண் கிழிந்தாலும் எலும்பு முறிந்தாலும் எளிதில் ஆறுவதில்லை. மனிதனைப்போல் பல வாரம் படுத்துக் கிடக்கவும் குதிரையால் இயலாது. ஒரு கால் பழுதுபட்டால் ஏனைய கால்கள் மிகுந்த சுமையைத் தாங்கி, அவையும் நோய்ப்படும். ஆகவேதான் மனிதனுக்குச் சில திங்களில் ஆறிவிடும் கால்முறிவு, குதிரைக்கு உயிரிழப்பாகவே முடிந்துவிடுதல் உண்டு.

அதன் மூச்சும் கருதத்தக்கது. குதிரை மூக்கினால் மட்டுமே மூச்சுவிடும்; நாயைப்போல் வாயைத் திறந்து இளைக்க அதனால் முடியாது. ஆதலின் மூக்கை இறுக்கும் கயிறு அதன் உயிரையே இறுக்குகின்றது. ஓய்ந்து நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்திற்கு 28 முதல் 44 முறை துடிக்கும். முழு விரைவில் ஓடும்போது அத்துடிப்பு 200ஐயும் கடந்துவிடும். உடல் கொதிக்கும், வியர்வை ஆறாய்ப் பெருகும், வியர்வையோடு உப்பும் வெளியேறும். அந்நிலையிலும் ஓடு என்றால் அது ஓடும். பின்னால் வருவது பகை என்றும், நின்றால் அழிவு என்றும் அதன் பிறவி அறிவு கூறிக்கொண்டே இருக்கும். தன் எல்லையைக் கடந்தும் ஓடும் விலங்கிற்கு எல்லை வகுப்பவன் மனிதனே. மெல்லிய மயிலிறகேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் உரைத்தார். அச்சிற்கே அளவு உண்டெனின், உயிருக்கு இல்லையா?

இனி, பந்தயச் சாலையில் நேரும் இடர்களை நோக்குவோம். முதலாவது, சாலையே. தார்ச்சாலை கடினமானது; இரும்பு இலாடம் அதில் வழுக்கும்; ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் மூட்டுகளைத் தாக்கும். இரண்டாவது, திருப்பம். விரைந்து வரும் வண்டிகள் பல ஒரே இடத்தில் திரும்பும்போது சக்கரத்தோடு சக்கரம் மோதும், ஏர்க்கால் முறியும், குதிரை விழுந்தால் வண்டியும் அதன்மேல் கவிழும். மூன்றாவது, கூட்டம். காண்போர் சாலைக்குள் நெருங்கி நிற்பதாலும், மோட்டார் சைக்கிள்களில் வண்டியை ஒட்டியே கூச்சலிட்டுக்கொண்டு தொடர்வதாலும் குதிரை மிரள்கின்றது, மனிதரும் அடிபடுகின்றனர். நான்காவது, வெயில். சிவகங்கைச் சீமையின் கோடை வெயிலைக் கூறவும் வேண்டுமோ? ஐந்தாவது, சாட்டை. களைத்த குதிரையை அடித்து ஓட்டுவது, எண்ணெய் வற்றிய விளக்கின் திரியைத் தூண்டுவது போன்றது. சிறிது நேரம் ஒளி மிகும். பின்னர்த் திரியே கருகிவிடும்.

இவ்விடர்களுள் பெரும்பாலானவை தடுக்கத் தக்கவையே. பந்தயத்திற்கு முன், கால்நடை மருத்துவர் ஒவ்வொரு குதிரையையும் நடக்கவிட்டும் ஓடவிட்டும் பார்த்தல் வேண்டும். நொண்டும் குதிரை, காய்ச்சல் கண்ட குதிரை, எலும்பு முற்றாத இளங்குதிரை, சினையுற்ற குதிரை ஆகியவற்றை விலக்குதல் வேண்டும். சிராவயல் முதலிய ஊர்களின் மஞ்சுவிரட்டும் அடங்கிய ஏறுதழுவல் விழாக்களுக்காக 2017இல் வகுக்கப்பெற்ற விதிகள், காளைகளை மருத்துவர் ஆராய்ந்த பின்னரே களத்தில் விட வேண்டும் என்கின்றன. காளைக்குத் தேவையான அக்காவல் குதிரைக்கும் தேவையன்றோ? இலாடம் தேய்ந்துள்ளதா, ஆணி தளர்ந்துள்ளதா, வார் தோலை அறுக்கின்றதா, கடிவாளம் வாயைப் புண்படுத்துகின்றதா என்பவற்றை உரிமையாளர் தம் கையாலேயே தடவிப் பார்த்தல் நன்று. பந்தயத்தை இளங்காலையில் வைத்தல், ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், திருப்பத்தை அகலமாக அமைத்தல், கூட்டத்தைக் கயிறு கட்டி விலக்கி நிறுத்தல், பின்தொடரும் வண்டிகளைத் தடுத்தல் ஆகியவை விழா நடத்துவோர் செய்ய வேண்டுவன.

ஓட்டம் முடிந்ததும் கடமை முடிந்துவிடுவதில்லை. விரைந்து ஓடிய குதிரையை உடனே கட்டிப்போடுதல் தீங்கு பயக்கும். நிழலில் மெல்ல நடத்தி, மூச்சும் நாடியும் அடங்கும்வரை கருத்தோடு காத்தல் வேண்டும். வெப்பமுற்ற குதிரையின் உடலில் குளிர்ந்த நீரை ஊற்றலாகாது என்று முன்னாளில் எண்ணினர். 1996இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் விளையாட்டு நடைபெற்றபோது, அந்நகரின் வெப்பத்தையும் ஈரக்காற்றையும் குதிரைகள் எவ்வாறு தாங்கும் என்னும் கவலை எழுந்தது. அதற்காக முன்கூட்டியே நடைபெற்ற ஆராய்ச்சிகள், வெப்பமுற்ற குதிரையின் உடல்மீது தொடர்ந்து குளிர்நீர் ஊற்றுவது தீங்கன்று, காவலே என்று காட்டின. குடிக்கத் தண்ணீரும் இடைவிட்டுக் கொடுக்கலாம். களைப்பு நீங்குமுன் வயிறு நிறையக் கொள்ளு வைப்பதுதான் தவறு. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. ஆதலின் வயிற்றுநோய் வந்தால் அது அதன் உயிருக்கே இறுதியாதல் உண்டு.

உலகின் பிற நாடுகளிலும் இக்கவலை உண்டு; அதனால் விளைந்த திருத்தங்களும் உண்டு. 1921இல் தோன்றிய பன்னாட்டுக் குதிரை விளையாட்டுக் கூட்டமைப்பு, நெடுந்தொலைவுப் பந்தயங்களுக்கு ஒரு விதியை வகுத்துள்ளது. வழியில் பல இடங்களில் மருத்துவர் குதிரையை நிறுத்தி ஆராய்வர். குறித்த நேரத்திற்குள் அதன் இதயத்துடிப்பு நிமிடத்திற்கு 64 என்னும் அளவிற்குத் தணியாவிடின், எத்துணை முன்னணியில் இருந்தாலும் அக்குதிரை விலக்கப்படும். அங்கே முதலில் வருவது மட்டும் வெற்றியன்று; நலமாக வருவதே வெற்றி.

இங்கிலாந்தில் 1839 முதல் நடைபெற்றுவரும் கிராண்ட் நேஷனல் என்னும் தடைதாண்டும் பந்தயத்தில் நாற்பது குதிரைகள் வரை ஓடின. நெருக்கத்தினால் குதிரைகள் விழுந்து மடிந்தமையால், 2024இல் அவ்வெண்ணிக்கை 34 ஆகக் குறைக்கப்பட்டது. தொடக்கத்திலேயே குதிரைகள் மிகு விரைவு கொள்ளாதவாறு முதல் தடையும் புறப்படும் இடத்திற்கு அருகே மாற்றப்பட்டது. நூற்றாண்டு பழமையுடைய விழாவும் தன்னைத் திருத்திக்கொள்ளலாம் என்பதற்கு இஃது ஒரு சான்று.

மற்றொரு நிகழ்ச்சி 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டில் நேர்ந்தது. வாட்போர், நீச்சல், குதிரையேற்றம், ஓட்டம், துப்பாக்கி சுடுதல் ஆகிய ஐந்தும் அடங்கிய போட்டி அது. அதில் வீரர்கள் தம் குதிரையைக் கொண்டுவருவதில்லை. சீட்டில் விழும் குதிரையில் ஏற வேண்டும். இருபது நிமிடப் பழக்கமே இருவருக்கும் இடையே உண்டு. ஒரு குதிரை மிரண்டு, தடையைத் தாண்ட மறுத்தது. ஏறியிருந்த வீராங்கனை கண்ணீர் விட்டார். பயிற்சியாளர் ஒருவர் அக்குதிரையைக் கையால் குத்தினார். உலகமே இதனைப் படத்தில் கண்டு வருந்தியது. அப்பயிற்சியாளர் விலக்கப்பட்டார். பின்னர், 1912 முதல் அப்போட்டியில் இருந்துவந்த குதிரையேற்றமே 2024ஆம் ஆண்டுப் பாரிசு ஒலிம்பிக்கோடு நீக்கப்பட்டது. மிரண்ட குதிரைக்கு வேண்டியது அடியன்று, அறிமுகம் என்பதை உணராமையால் விளைந்த முடிவு அது.

இத்துணைக் காவல் இருந்தும் விபத்து நேர்ந்துவிட்டால் என் செய்வது? முதலில் கூட்டத்தை விலக்க வேண்டும். குதிரைக்கு நன்கு பழகிய ஒருவர் மட்டும் தலைப்பக்கம் நின்று, தணிந்த குரலில் பேசிக்கொண்டிருத்தல் வேண்டும். வண்டியில் சிக்கியிருப்பின் வார்களை அறுத்து விடுவிக்கலாம். விழுந்த குதிரையை வாலைப் பிடித்தும் வாரைப் பிடித்தும் இழுத்து எழுப்பலாகாது. குருதி பெருகினால் தூய துணியை மடித்து அழுத்திக் கட்ட வேண்டும். கால் முறிந்ததாக ஐயம் எழுந்தால் ஓரடிகூட நடத்தலாகாது. மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். கால்நடைகளுக்கான மருத்துவ ஊர்தியை 1962 என்னும் தொலைபேசி எண்ணில் அழைக்கலாம். புண் சிறிதாயினும் புறக்கணிக்கலாகாது. இசிவு நோய்க்கு மிக எளிதில் ஆட்படும் விலங்கு குதிரை. ஆணி குத்திய சிறு புண்ணும் அதன் உயிரைக் கொள்ளை கொள்ளலாம். ஆதலின் அந்நோய்க்குரிய தடுப்பூசியை முன்னரே போட்டுவைத்தல் அறிவுடைமை.

குதிரை தன் வலியைச் சொல்வதில்லை, ஆயினும் காட்டுகின்றது. 2014இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள், வலியுற்ற குதிரையின் முகத்தில் தோன்றும் ஆறு குறிகளை வரையறுத்தனர். செவிகள் விறைத்துப் பின்னோக்கும், இமைகள் சுருங்கும், கண்ணுக்கு மேற்பகுதி இறுகும், தாடைத்தசை புடைக்கும், வாய் இறுகி மோவாய் துருத்தும், மூக்குத்துளை விறைக்கும். நாள்தோறும் தன் குதிரையின் முகத்தைப் பார்ப்பவன் இவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம்.

உடற்புண்ணைக் கண் காணும். உள்ளப்புண்ணைக் கருத்தே காணும். விபத்தில் தப்பிய குதிரை, புண் ஆறிய பின்னும் பழைய குதிரையாக இருப்பதில்லை. வண்டியைக் கண்டாலே நடுங்கும், ஏர்க்காலுக்குள் நுழைய மறுக்கும், பின்னால் மோட்டார் சைக்கிள் ஒலித்தால் வியர்த்து விதிர்விதிர்க்கும், தீனியை வெறுக்கும், தொட வருபவரைக் கடிக்கும். இதனைக் கண்டு, குதிரை கெட்டுவிட்டது, திமிர் பிடித்துவிட்டது என்று சொல்வோர் உளர். அது திமிரன்று, அச்சம். குதிரை நினைவாற்றல் மிக்கது. எவ்விடத்தில், எவ்வொலியில், எவ்வுருவத்தின் முன் துன்புற்றதோ, அதனை அது எளிதில் மறப்பதில்லை.

அச்சத்தை அடித்து நீக்க முடியுமா? ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்க நாட்டுச் செனோபன் என்னும் அறிஞர் இவ்வினாவிற்கு விடை கண்டார். படைத்தலைவராக விளங்கிய அவர் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் இயற்றினார். குதிரையிடம் ஒருபோதும் சினத்தோடு நடந்துகொள்ளலாகாது என்பது அவர் கூறும் முதன்மையான அறிவுரை. ஒரு பொருளைக் கண்டு குதிரை அஞ்சினால், அப்பொருள் தீங்கற்றது என்பதை அதற்குக் காட்ட வேண்டும். மனிதன் தானே அதனைத் தொட்டுக் காட்டிக் குதிரையை மெல்ல அருகே அழைத்துச் செல்ல வேண்டும். அவ்வாறன்றி அடித்து நெருங்கச் செய்தால், அடியின் வலியையும் அப்பொருளே தந்ததாகக் குதிரை எண்ணும், அச்சம் இருமடங்காகும். இக்காலத்து விலங்கு உளநூலாரும் இதனையே வேறு சொற்களால் வலியுறுத்துகின்றனர்.

இவ்வுண்மையை ஒரு சிறுவன் கண்டுகொண்ட கதையைப் புளூட்டார்க் என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். மாசிடோனிய மன்னன் பிலிப்பிடம் ஒரு குதிரை விற்பனைக்கு வந்தது. எவரையும் அது அருகே விடவில்லை. துள்ளியது, உதைத்தது. பயனற்ற குதிரை என்று மன்னன் அதனைத் திருப்பி அனுப்ப முற்பட்டான். அருகில் நின்ற அவன் மகன் அலெக்சாந்தர், அக்குதிரை தன் நிழலைக் கண்டே மிரள்வதைக் கவனித்தான். கடிவாளத்தைப் பற்றி, குதிரையின் முகத்தைச் சூரியனை நோக்கித் திருப்பினான். நிழல் பின்னே மறைந்தது. தடவிக் கொடுத்து, அமைதியுறச் செய்து, பின் ஏறினான். பியூசிபலசு என்னும் அக்குதிரை அவனைச் சுமந்து இந்திய நாடுவரை வந்து, கி.மு. 326இல் சீலம் ஆற்றங்கரைப் போரையொட்டி இறந்தது. அதன் பெயரால் ஒரு நகரையே அவன் அமைத்தான். பெரியோர் பலர் குதிரையின் துள்ளலைக் கண்டனர். அச்சிறுவன் அதன் அச்சத்தைக் கண்டான். வேறுபாடு அவ்வளவே.

மிரண்ட குதிரையைத் தேற்றும் முறை இதுதான். முதலில் முழு ஓய்வு வேண்டும். இருண்ட கொட்டிலில் தனியே கட்டிவைப்பது ஓய்வாகாது, அது சிறையாகும். கூட்டமாக வாழப் பிறந்த குதிரைக்குத் துணையே முதல் மருந்து. அமைதியான மற்றொரு குதிரையோடு பசும்புல் வெளியில் மேயவிட்டால் பாதி அச்சம் அங்கேயே தீரும். நாள்தோறும் ஒரே ஆள், ஒரே நேரத்தில் தீனி வைத்தும், உடலைத் தேய்த்துவிட்டும் பழகுதல் வேண்டும். வண்டிக்கு அஞ்சும் குதிரையானால், அது கலங்காத அளவு தொலைவில் வண்டியை நிறுத்தி, அங்கே அதற்குப் புல் கொடுக்க வேண்டும். மறுநாள் சில அடி நெருங்கலாம். அது கலங்கினால் மீண்டும் விலக வேண்டும். வண்டியருகே நின்று அமைதியாகத் தின்னப் பழகிய பின், வாரை மட்டும் பூட்டலாம். அதன் பின் வெறும் வண்டி. அதன் பின் ஆளில்லாச் சாலை. ஒவ்வொரு நாளும் பயிற்சியை அச்சம் தோன்றுவதற்கு முன்னரே முடித்துவிடுதல் நலம். இதற்குச் சில வாரமும் ஆகலாம், பல திங்களும் ஆகலாம்.

சில குதிரைகள் முற்றும் தேறிவிடும். சில, வண்டி இழுக்கும்; ஆனால் கூட்டத்திற்குள் செல்லா. சில, மீண்டும் வண்டியை ஏற்கவே மாட்டா. அவ்வாறு ஏற்காத குதிரையைப் பிறருக்குக் குறையை மறைத்து விற்பதும், சாலையில் அநாதையாக விட்டுவிடுவதும் அறமாகா. ஓடியபோது மாலை சூட்டியவன், ஓட முடியாதபோது புல்லும் நீரும் தருதலே முறை.

இவ்வறத்தைச் சட்டமாக்கிய பெருமை தமிழகத்தில் பிறந்த ஒரு பெண்மணியைச் சேரும். செட்டிநாட்டிற்கு அண்மையிலுள்ள மதுரையில் 1904இல் பிறந்து, நடனக் கலையாலும் கலாசேத்திரத்தாலும் புகழ்பெற்றவர் உருக்குமிணி தேவி அருண்டேல். 1952இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பெற்ற அவர், விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்க ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே விரிவான சட்டம் கொண்டுவரும் எனப் பிரதமர் நேரு உறுதி கூறவே, தம் மசோதாவைத் திரும்பப் பெற்றார். அதன் பயனாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்திற்கு அவரே முதல் தலைவரானார். விலங்கை வைத்திருப்பவன் அதன் நலத்தைப் பேணுதல் கடமை என்றும், அடித்தல், அளவுக்கு மீறி ஓட்டுதல், புண்பட்ட விலங்கை வேலை வாங்குதல் ஆகியவை குற்றம் என்றும் அச்சட்டம் கூறுகின்றது. 1965இல் வகுக்கப்பெற்ற விதிகள், வண்டி இழுக்கும் விலங்கை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்திற்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்குதலைத் தடுக்கின்றன. வெப்பம் 37 செல்சியசு பாகைக்கு மேற்படும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓட்டுதலும், முள் பதித்த கோலையோ கடிவாளத்தையோ பயன்படுத்துதலும் அவ்விதிகளால் தடுக்கப்பட்டுள்ளன.

எனினும் சட்டம் எல்லாச் சாலைகளிலும் நின்று காவல் புரிய இயலாது. மக்களின் மனமே அங்கு நின்று காத்தல் வேண்டும். குதிரை முந்தும்போது கைதட்டுவோர், அது தள்ளாடும்போது நிறுத்து என்று குரல் கொடுப்பின், எந்தச் சாரதியும் சாட்டையை ஓங்கான். தளர்ந்த குதிரையை இடைவழியிலேயே அவிழ்த்து, நடத்திக்கொண்டு வரும் சாரதிக்கு ஊரார் ஒரு பரிசு அளிப்பின், அதுவே விழாவின் தலைசிறந்த பரிசாக விளங்கும். மெலிந்தார்மீது ஒருவன் பாயும்போது, தன்னினும் வலியார்முன் தான் அஞ்சி நிற்கும் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது வள்ளுவர் அருளுடைமையில் காட்டும் வழி.

சிவகங்கை மாவட்டத்திலே பிரான்மலை என்றொரு மலை உண்டு. அதுவே வள்ளல் பாரி ஆண்ட பறம்புமலை என்பர். கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்கொடிக்குத் தன் தேரையே ஈந்தவன் பாரி. அக்கொடி அவனிடம் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்கத் தெரியாத உயிரின் துன்பத்தைத் தானே உணர்ந்தமையால் அன்றோ அவன் வள்ளலானான்? அம்மலையின் அடிவாரத்து மண்ணில், மண்குதிரையைத் தோளில் சுமக்கும் மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் தமக்காக ஓடும் உயிர்க்குதிரையின் துன்பத்தையும் தம் நெஞ்சில் சுமப்பாராயின், பரிக்கு வேண்டிய பரிவு வேறு எங்கும் தேட வேண்டுவதில்லை.